எஃப்.ஐ.ஆர்.: போலீஸ் கையைக் கட்டிய காகிதம்

டெல்லி சப்ஜி மண்டி காவல் நிலையத்தில் 1861 அக்டோபர் 18 அன்று ஒரு திருட்டுப் புகார் பதிவானது. கட்ரா ஷீஷ் மஹாலில் குடியிருந்த ஒருவரின் வீட்டில் சமையல் பாத்திரங்கள், ஒரு ஹுக்கா, பெண்கள் துணிமணிகள் எல்லாம் களவு போயிருந்தன. மொத்த மதிப்பு 45 அணா. மூன்று ரூபாய்க்கு மூன்று அணா குறைவு. டெல்லி போலீஸ் தன்னுடைய முதல் எஃப்.ஐ.ஆர். என்று எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

45 அணா களவுக்கும் காகிதத்தில் பதிவு உண்டு என்ற நிலை தானாக வந்துவிடவில்லை. அது வந்த கதையின் முக்கியமான பகுதி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சென்னை மாகாணத்தில் நடந்தது. அங்கே அப்போது போலீஸ் என்று தனியாக ஒரு துறையே கிடையாது. 1816இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டம் காவல் வேலையை கலெக்டர், தாசில்தார், கிராம மணியம் என்று வருவாய்த் துறையின் தலையிலேயே கட்டியிருந்தது. காலையில் வரி கேட்டு வரும் சேவகன்தான் மாலையில் திருடனைப் பிடிக்கவும் வருவான். வரி பாக்கி என்றாலும் சரி, திருட்டுச் சந்தேகம் என்றாலும் சரி, கையாளும் முறை ஒன்றுதான். இரண்டு குச்சிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது கிட்டி. தலையைக் குனிய வைத்துக் கால்விரலோடு சேர்த்துக் கட்டி, வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள்.

கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று நடத்திய சென்னை சுதேச சங்கம் இதை லண்டன் பாராளுமன்றம் வரை கொண்டுபோனது. 1854இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு ஒரு விசாரணைக் குழு அமைந்தது. சித்திரவதைக்கு ஆளானவர்கள் வந்து சொல்லலாம் என்று குழு அறிவித்ததும் குவிந்த புகார்கள் 1,959. அவற்றில் 519 பேர் நேரிலேயே வந்து சொன்னார்கள்; மற்றவை கடிதங்கள். ரயில் இல்லாத காலத்தில், கை வீங்கிய குடியானவன் ஒருவன் பட்டணம் வரை வந்து வெள்ளைக்காரன் முன்னால் நின்று வாய் திறப்பது சின்ன விஷயமில்லை.

1855இல் வந்த அந்த அறிக்கையில் அடி உதைக்குச் சமமாக இன்னொரு கொடுமையும் பேசப்படுகிறது: முறையிட வழியில்லாமை. கலெக்டர் இருக்கும் ஊர் எட்டாத தூரம். கூலியை விட்டு, வழிச்செலவு செய்து, மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால், விசாரிக்கச் சொல்லி அந்த மனு தாசில்தாருக்கே திரும்பி வரும். யார் மேல் புகாரோ அவர் கையில்! மனு கொடுத்ததற்கு வேறு எந்த அடையாளமும் இருக்காது. கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் டெய்லி டிரிபியூனில் இந்த அறிக்கையை எடுத்து எழுதியபோது, குடியானவன் நியாயம் கேட்டு அலையும் இந்தத் தூரத்தையும் செலவையும் விடாமல் குறிப்பிட்டார்.

இதன் விளைவாக 1859இல் சென்னைக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாய் வேறு, காவல் வேறு என்று பிரிந்தது. 1861இல் மற்ற மாகாணங்களுக்கும் போலீஸ் சட்டம், அதே ஆண்டில் நாட்டின் முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம். இந்த நடைமுறைச் சட்டத்தின் 139ஆம் பிரிவில்தான் நம் எஃப்.ஐ.ஆரின் முதல் உருவம் இருக்கிறது: நிலைய அதிகாரியிடம் வரும் புகாரை எழுத்தில் இறக்க வேண்டும், சாரத்தை நாட்குறிப்பில் ஏற்ற வேண்டும். சென்னை அறிக்கையிலிருந்து இந்தப் பிரிவுக்கு நேர்க்கோடு கிழித்துவிட முடியாதுதான். ஆனால் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று சொன்னதும் இதே சட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போலீஸை உண்டாக்கிய கையே அதை நம்பவில்லை என்பது புரியும். புகார்தாரருக்குச் சலுகையாக எஃப்.ஐ.ஆர். பிறந்தது என்று நான் நினைக்கவில்லை. போலீஸ் நினைத்தால் எழுதலாம், நினைத்தால் விடலாம் என்ற சுதந்திரத்தைப் பறிக்கத்தான் அது பிறந்தது.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை இறுக்கினார்கள். 1872 சட்டம், புகார் சொன்னவர் கையெழுத்தோ முத்திரையோ அடையாளமோ இட வேண்டும் என்றது. 1882இல் அது இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வந்தது. பிரிவு எண் 154. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவல் வாய்மொழியாக வந்தால் எழுத வேண்டும், எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும். எழுத்தறிவில்லாத ஒருவர் சொன்னதை வேறு மாதிரி எழுதிக் கைநாட்டு வாங்கிவிடலாம் என்ற பயத்துக்குப் போட்ட வேலி அது. பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. பார்த்தவர், கேள்விப்பட்டவர், யார் சொன்னாலும் தகவல்தான். 1898 சட்டமும் 1973 சட்டமும் அதே 154ஐ வைத்துக்கொண்டன. வக்கீல்கள் வாயில் அது இன்னும் ‘ஒன் ஃபிஃப்டி ஃபோர்’தான்.

இந்த வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறும் உரிமை சட்டப்படி முதலில் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவருக்கு, 1955 திருத்தத்தில். புகார் கொடுத்தவருக்கு 1973 சட்டத்தில்தான் கிடைத்தது. புகாரை எழுதச் சொன்ன சட்டம் வந்து 112 ஆண்டுகளுக்குப் பிறகு! ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் என்ற வழியும் அப்போது வந்ததுதான்.

படிவத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். சம்பவம் நடந்த நாள், நேரம் ஒரு கட்டத்தில். ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நாள், நேரம் இன்னொரு கட்டத்தில். சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர்? தாமதம் என்றால் காரணம் என்ன? பொது நாட்குறிப்பில் எந்த எண், எத்தனை மணி? கடைசியில், கோர்ட்டுக்கு அனுப்பிய நாளும் நேரமும். வெறும் விவரம் கேட்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஏதோ ஒரு கோர்ட்டில் குறுக்கு விசாரணை நடந்திருக்கிறது. 1972இல் தமிழ்நாட்டுக் கொலை வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. ஸ்டேஷன் இரண்டு மைல் தூரத்தில் இருந்தும் தகவல் போய்ச் சேர 20 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாமதமான தகவலில் கற்பனை கலந்துவிடும் என்று சொன்ன நீதிமன்றம், குற்றவாளி என்று தீர்ப்பான நபரை விடுதலை செய்தது. நாடெங்கும் வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது.

அதனால்தான் கொலை வழக்கு என்றால் நம் ஊரில் ‘எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.’ என்று ஒன்று ஓடும். நள்ளிரவானாலும் காவலர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே வாங்கி, கிடைத்த நேரத்தை எழுதிக் கையெழுத்திடுவார். ‘அதிகாலை 4.10’ என்று ஓரத்தில் கிறுக்கிய அந்த ஒரு வரிக்காக, பின்னால் வழக்கு விசாரணையில் காவலர் கூண்டில் நிற்பார். எந்த பஸ்ஸில் போனீர், வண்டி எங்கே பழுதானது, ஏன் ஐந்து மணி நேரம்? இடைப்பட்ட நேரத்தில் எதிரியின் பெயரை யோசித்துச் சேர்த்தார்களா என்பதுதான் அத்தனை கேள்விக்கும் உள்ளே இருக்கும் கேள்வி.

கயிற்றை இத்தனை இறுக்கியதன் பலன், போலீஸ் அதில் கையை நீட்டவே தயங்கியது. குற்ற எண் ஒன்று விழுந்துவிட்டால் அந்த வழக்கை ஏதாவது ஒரு வழியில் முடித்தே ஆக வேண்டும். ஜனவரி முதல் தேதி ஒன்றில் தொடங்கும் அந்த எண் டிசம்பருக்குள் எவ்வளவு ஏறியது என்பதை மேலதிகாரிகள் ஆய்வுக் கூட்டத்தில் கேட்பார்கள். பதியாமல் விட்டால் குற்றமும் குறைந்த மாதிரி, ஸ்டேஷனும் நல்ல ஸ்டேஷன். தமிழ்நாட்டில் இதற்கு நடுவழி ஒன்று உண்டு: சி.எஸ்.ஆர். ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடியும் புகாரை ரைட்டர் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது தருவார். மனு கொடுத்ததற்கு அது சாட்சி, அவ்வளவுதான். வழக்குப் பதிந்ததாக ஆகாது. அந்த ரசீதுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் இடையில்தான் ‘இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசலாம்’ என்ற கட்டப் பஞ்சாயத்துக்கு இடம் கிடைக்கிறது.

2008இல் காஜியாபாத்தில் ஒரு சிறுமி கடத்தப்பட்டாள். தகப்பனின் புகாரைப் போலீஸ் உடனே பதியவில்லை, எஸ்.பி.யிடம் போன பிறகு பதிந்தும் தேடவில்லை. தேடுவதற்குப் பணம் கேட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. லலிதா குமாரி வழக்கு என்று பெயர் பெற்ற அது அரசியல் சாசன அமர்வுக்கு வந்தது. ஐந்து நீதிபதிகளுக்காக 2013 நவம்பர் 12இல் தீர்ப்பு எழுதியவர் அன்றைய தலைமை நீதிபதி ப. சதாசிவம், ஈரோடு மாவட்டத்துக்காரர். 1861, 1872, 1882 என்று இதே வம்சாவளியைத் தீர்ப்பு வரிசையாக எடுத்து வைக்கிறது. கைது பற்றிய பிரிவில் ‘நம்பத்தகுந்த’ தகவல் என்றிருக்கிறது, 154இல் வெறும் தகவல்தான் என்ற வித்தியாசத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே உண்மையா பொய்யா என்று முதலில் எடைபோடும் வேலை ஸ்டேஷனுக்குக் கிடையாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலில் தெரிந்தால் பதிந்தே ஆக வேண்டும். குடும்பத் தகராறு, வணிக மோசடி, மருத்துவக் கவனக்குறைவு, லஞ்சம் போன்ற சிலவற்றில் மட்டும் முன்விசாரணை செய்யலாம். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தால், பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சுப் புகார்களைப் பதியாத அதிகாரிக்கே சிறைத் தண்டனை என்றும் ஆனது.

2024 ஜூலை 1 முதல் 154 போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 வந்துவிட்டது. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் சொல்லலாம். ‘எங்க லிமிட் இல்லை’ என்று சட்டப்படி இனி அலைக்கழிக்க முடியாது. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போடலாம். இவை நல்ல காரியங்கள். ஆனால் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் எனக்கு உறுத்தல் உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்கிறது. கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை இதில் வராது. சாதாரணத் திருட்டும் சங்கிலிப் பறிப்பும் வந்துவிடுகின்றன. சங்கிலியை அறுத்தவன் 14 நாளில் அதை உருக்கி விற்றுத் தின்றே முடித்திருப்பான். ஒன்று மட்டும் புகார்தாரர் கேட்டுப் பார்க்கலாம்: இந்த 14 நாளை ரைட்டரோ இன்ஸ்பெக்டரோ தாமாக எடுத்துக்கொள்ள முடியாது, டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதி வாங்கியாகிவிட்டதா?