முறிந்த வங்கியும் முளைத்த வங்கியும்



கடனை இறுக்க வகையற்றவனை ‘வங்குரோத்து’ அடைந்தவன் என்கிறோம். அச்சொல்லைக் கேட்டதும் அவமானமே நினைவுக்கு வருகிறது. அதற்குரிய சட்டம் நினைவுக்கு வருவதில்லை. எங்கள் சாம்பல்தீவிலே சீட்டுப் பிடிப்பவர் ஒருவர் நொடித்துப் போனாரென்று வைத்துக்கொள்வோம். முந்தியவன் முழுத்தொகையையும் பறித்துக்கொள்ள, பிந்தியவன் வெறுங்கையோடு திரும்புவது நீதியாகுமா? எஞ்சிய பொருளைத் திரட்டி, கடன் கொடுத்தோர்க்கு அவரவர் தொகைக்கேற்பப் பங்கிடுவதே வங்குரோத்துச் சட்டத்தின் நோக்கம்.

சென்னையிலே பெருமதிப்புடன் விளங்கிய ஆர்பத்நாட் வங்கி 1906 ஒக்டோபர் 22இல் முறிந்தது. உத்தியோகத்தரும் விதவையரும் ஓய்வுபெற்றோருமாகப் பலர் வாழ்நாட் சேமிப்பை இழந்தனர். அவர்களுக்காக வாதாட முன்வந்தவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1863இல் திருவிடைமருதூரிற் பிறந்த அவர் பாரிஸ்டர் அல்லர். உள்நாட்டிலேயே சட்டம் பயின்ற வக்கீல். ஆயினும், ஆங்கிலேய பாரிஸ்டர்கள் கோலோச்சிய உயர் நீதிமன்றத்திலே அவர் முன்வரிசையில் நின்றார். வங்கியின் தலைவர் சர் ஜோர்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளியெனக் காணப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார்.

தண்டனையால் இழந்த பணம் மீளுமா? மீளாது. இதை உணர்ந்த ஐயர் வழக்கோடு நின்றாரல்லர். ஆர்பத்நாட் ஒரு சில கூட்டாளிகளின் நிறுவனம். அதன் உட்கணக்கைப் பணம் போட்டோர் அறிய வழியில்லை. பங்குதாரர் முன் ஆண்டுக்கணக்கை வைக்கக் கடமைப்பட்ட கூட்டுப்பங்குக் கொம்பனியாக, இந்தியரின் வங்கியொன்று எழவேண்டுமென அவர் பிரமுகர்களைத் திரட்டினார். செட்டிநாட்டு இராமசாமிச் செட்டியார் போன்றோர் துணைநின்றனர். 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கி தொழில் தொடங்கியது. 1909இல் ஐயர் நீதிபதியானார். அவ்வாண்டிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மாநகரங்களுக்குப் புதிய வங்குரோத்துச் சட்டம் பிறந்தது. 1911இல் அவர் மறைந்தார்.

கொம்பனி என்னும் பெயரே காவலாகிவிடுமா? ஆகாது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்த காலத்திலே, 1884இல், அரச பட்டயம் பெற்ற ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்த இலங்கையர் கலங்கினர். தேசாதிபதி சர் ஆர்தர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அறிவித்தார். அவ்வாண்டிலேயே நோட்டு வெளியிடும் உரிமையை அரசு தன்பால் எடுத்துக்கொண்டது.

ஆகவே நேயர்களே, பெரிய கட்டடத்தையும் பெரிய பெயரையும் கண்டு பணத்தை ஒப்படைத்தல் போதாது. கணக்கைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. அதைக் கேட்பது அவநம்பிக்கையன்று, கடமையேயாம்.