நாளேடுகள் காணாத மூன்று ஆண்டுகள்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மிஸ்ஸிஸிப்பி மாநிலம் 1964-ஆம் ஆண்டுக் கோடையில் உலகச் செய்தியாயிற்று. கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பணிபுரிந்த இளைஞர் மூவர் ஜூன் 21-ஆம் நாள் காணாமற் போயினர், செய்தியாளர்கள் திரண்டனர். ஆனால் அவ்வியக்கம் அன்று பிறந்ததன்று. அதற்கு முன் மூன்று ஆண்டுகளாக அது வீடு வீடாக நடந்துகொண்டிருந்தது. நாட்டின் பெரிய ஏடுகள் அதனைப் பெரும்பாலும் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவ்வாண்டுகளைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

நிறவேறுபாடின்றி வாக்களிக்கும் உரிமையை அமெரிக்க அரசியல் சட்டம் 1870-லேயே வழங்கிவிட்டது. ஏட்டளவில்தான். மிஸ்ஸிஸிப்பியில் வாக்காளராகப் பதிவுபெற விரும்புவோர், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை எழுதி, அதற்குப் பொருளும் உரைக்க வேண்டும். உரை சரியா, பிழையா என்று தீர்ப்பவர் வெள்ளையரான பதிவாளர். 1962-இல் இன்னொரு விதியும் சேர்ந்தது. விண்ணப்பித்தவர் பெயர் உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளிவர வேண்டுமாம்! பார்வைக்கு எளிய விதிதான். தம் வயலில் பருத்தி எடுப்பவரின் பெயரை அதில் காணும் பண்ணையார் என்ன செய்வார் என்பதை எல்லோரும் அறிவர். நாட்டு ஏடுகள் எழுதாத பெயர்களை உள்ளூர் ஏடு இவ்வாறு எழுதிற்று.

நியூயார்க்கில் கணிதம் கற்பித்த பாப் மோசஸ் என்னும் கறுப்பின ஆசிரியர், 1961-இல் மக்கோம் என்ற ஊரில் வகுப்புத் தொடங்கினார். பதிவுத் தாளை நிரப்புவது எப்படி என்பதே பாடம். அவருக்குத் துணைநின்ற உழவர் ஹெர்பர்ட் லீ, அவ்வாண்டு செப்டம்பர் 25-இல் பருத்தி அரைவை ஆலையருகே பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். தற்காப்புக்காகச் சுட்டார் என்று விசாரணை முடிந்தது.

1962 ஆகஸ்டு 31-இல் ரூல்வில் ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் ஒரு பேருந்தில் இண்டியனோலா நகரத்து நீதிமன்றத்துக்குப் பதிவுசெய்யச் சென்றனர். அவர்களுள் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். இருபது மக்களுள் கடைக்குட்டி. பதினெட்டு ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைத்தவர். தேர்வில் அவர் தேறவில்லை. திரும்பும் வழியில் போலீசார் வண்டியை மறித்தனர். அதன் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்தின் நிறத்தை ஒத்திருந்ததாம், அதற்கு அபராதம்! அனைவரும் அஞ்சி ஒடுங்கியிருக்க, ஹேமர் பாடத் தொடங்கினார். அன்றிரவே தோட்டத்தினின்று வெளியேற்றப்பட்டார். 1963 ஜனவரியில் தேர்வில் வென்று பதிவும் பெற்றார்.

அவ்வாண்டு நவம்பரில் இயக்கத்தார், சட்டத்தின் ஏற்பு இல்லாத ஒரு தேர்தலைத் தாமே நடத்தினர். மாதாகோயில்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் பெட்டிகள் வைக்கப்பட்டன. சுமார் 80,000 பேர் வாக்களித்தனர். கறுப்பின மக்களுக்கு வாக்களிப்பதில் நாட்டமில்லை என்று கூறிவந்தவர்களுக்கு இதுவே விடையாயிற்று. உதவிக்கு யேல், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகங்களிலிருந்து வெள்ளை மாணவர் சிலர் வந்திருந்தனர். அவர்கள் பின்னாலேயே செய்தியாளரும் வந்ததை உள்ளூர்த் தொண்டர்கள் கண்டுகொண்டனர்.

அடுத்த கோடையில் அத்தகைய மாணவரைப் பெருந்தொகையாக அழைக்கலாமா? அவர்களுக்குள் கடும் வாதம் மூண்டது. அழைத்தால் நாடு பார்க்கும். ஆனால் அப்போதுதான் தலைநிமிர்ந்து பேசக் கற்ற சிற்றூர் மக்களை, நாவன்மை மிக்க வெளியூர் மாணவர் பின்தள்ளிவிடுவர் என்று சிலர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே என்பேன். இந்நிலையில், லீயின் கொலையைக் கண்ட சாட்சியாகிய லூயி ஆலன் 1964 ஜனவரி 31-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் மோசஸ் அழைப்பை ஆதரித்தார்.

காணாமற் போன மூவருள் இருவர் வெள்ளையர். கடற்படையினரும் தேடலில் இறங்கினர். ஜூலையில் ஆற்றுநீரில் இரு உடல்கள் கிடைத்தன. அவை மே மாதம் கொல்லப்பட்ட ஹென்றி டீ, சார்ல்ஸ் மூர் என்ற கறுப்பின இளைஞரின் உடல்கள். வயது இருவருக்கும் பத்தொன்பது. தேடப்பட்டவர்கள் இவர்களல்லர் என்றறிந்ததும் செய்தியாளரின் ஆர்வம் குன்றிற்று. மூவர் உடல்கள் ஆகஸ்டு 4-இல் ஒரு மண் அணையினடியில் கண்டெடுக்கப்பட்டன.

மறு ஆண்டு ஆகஸ்டு 6-இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 1964-இல் அம்மாநிலக் கறுப்பின மக்களுள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவாகவே பதிவுபெற்றிருந்தனர். 1967-இல் அது அறுபதை நெருங்கிற்று. டீ, மூர் ஆகியோரின் கொலை தொடர்பாக ஒருவன் தண்டனை பெற்றது 2007-ஆம் ஆண்டில்.