இலையின் ஒளி

கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில், பெரிதும் கனிமங்களைப் பிரித்தறியும் நோக்கத்தோடு 1980களின் தொடக்கத்தில் ஜனித்த விமான நிறமாலைமானி, விரைவிலேயே வனங்களின் தேகநிலையைச் சோதிக்கும் சாதனமுமாயிற்று. அதன் வாரிசான ‘அவிரிஸ்’, 1987 முதல் ஈஆர்-2 விமானத்தில் ஏறி, சுமார் 20 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 400 முதல் 2,500 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை 224 கூறுகளாகப் பகுத்துப் பதிந்தது.

பச்சையம் சிவப்பொளியை விழுங்க, அகச்சிவப்பை இலையின் உட்திசுக்கள் சிதறடித்துத் திருப்புவதால், 700 நானோமீட்டரை ஒட்டிப் பிரதிபலிப்பு செங்குத்தாய் ஏறுகிறது. பச்சையம் க்ஷீணித்தால் அவ்வேற்றம் நீலத்தின் பக்கம் நகர்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட்டிலும் ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டெம்பர்க்கிலும் நலிந்துவந்த ஸ்ப்ரூஸ் மரங்களில் ஆய்வாளர் பாரெட் ராக் முதலியோர் கண்டு 1988இல் வெளியிட்ட அந்நகர்வு, ஏறத்தாழ 5 நானோமீட்டரே. மனிதக் கண்ணுக்கு முற்றிலும் அகோசரமான அச்சிறு பேதத்தை ஆகாயத்திலிருந்தே அளந்ததுதான் இத்துறையின் தலையாய சாதனை என்பேன்.