மூன்றாண்டே வாழ்ந்த கட்சி

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது, ஹிட்லரின் கட்சி மண்ணோடு மண்ணாயிற்று என்றே உலகம் எண்ணியது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1949 அக்டோபர் 2ஆம் நாள், மேற்கு ஜெர்மனியில் சோஷலிஸ்ட் ரைக் கட்சி என்னும் பெயரில் ஒரு சிறு கூட்டம் தலைதூக்கிற்று. பழமைவாதிகளின் ஜெர்மன் வலதுசாரிக் கட்சியிலிருந்து பிரிந்தோர் அமைத்தது அது. பெயரிலுள்ள சோஷலிசத்தைக் கண்டு மயங்க வேண்டா. ஹிட்லர் கட்சியின் பெயரிலும் அச்சொல் இருந்தது.

கட்சித் தலைவர் பிரிட்ஸ் டோர்ல்ஸ். ஆனால், மக்களைத் திரட்டியவர் ஓட்டோ எர்ன்ஸ்ட் ரேமர் என்னும் முன்னாள் படைத்தலைவரே. 1944 ஜூலை 20ஆம் நாள் ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல முயன்ற அதிகாரிகள், பெர்லின் காவற்படையைக் கொண்டு அரசைக் கைப்பற்ற எண்ணினர். அப்படையின் தலைவராயிருந்த ரேமர், ஹிட்லர் உயிரோடிருப்பதைத் தொலைபேசியில் அவர் குரலாலேயே அறிந்து, சதியாளர்களுக்கு எதிராகத் திரும்பினார். பதவி உயர்வும் பெற்றார். அந்த ஒரு நாளே போருக்குப் பின் அவருக்கு அரசியல் முதலாயிற்று.

இழந்த கிழக்கு நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட அகதிகளும், வேலையற்ற போர்வீரர்களும் நிறைந்திருந்த கீழ் சாக்சனி மாநிலத்தில், 1951 மே தேர்தலில் கட்சி 11 விழுக்காடு வாக்குகளும் 16 இடங்களும் பெற்றது. இது சிறு தொகைதானே எனலாம். 1928இல் நாஜிக் கட்சி நாடளவில் பெற்றது 2.6 விழுக்காடே என்பதை அன்றைய ஆட்சியாளர் மறந்திலர்.

அத்தேர்தலுக்காகப் பிரவுன்ஷ்வைக் நகரில் பேசிய ரேமர், ஜூலை 20 வீரர்களை நாட்டுத் துரோகிகள் என இழித்துரைத்தார். உள்துறை அமைச்சர் ராபர்ட் லேர் புகார் செய்தார். வழக்கை நடத்திய அரசு வழக்குரைஞர் பிரிட்ஸ் பவர் ஒரு யூதர். நாஜிகளின் முகாமில் அடைபட்டு, பின் நாட்டைவிட்டே தப்பியோடி, 1949இல் திரும்பியவர். அவர் ரேமரின் வசைமொழியோடு நின்றுவிடவில்லை. அநீதியே ஆட்சியாய் அமர்ந்த நாட்டில் அதனை எதிர்த்தவன் துரோகியாவானா என்னும் கேள்வியை மன்றத்தின் முன் வைத்தார். ஒரு மனிதனுக்குச் செய்து கொடுத்த சத்தியம் தீமைக்கும் கட்டுப்படுத்துமா என்பது பற்றிச் சமய அறிஞர்கள் சாட்சியம் அளித்தனர். 1952 மார்ச்சில் ரேமருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரோ சிறை புகாமல் எகிப்துக்கு ஓடினார்.

அவ்வாண்டு அக்டோபர் 23ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் கட்சியைத் தடை செய்தது. முன்னாள் நாஜிகளே அதன் தலைமையில் இருந்தனர் என்றும், கட்டளை மேலிருந்து கீழே இறங்கும் அதன் அமைப்பு ஹிட்லர் கட்சியின் நகலே என்றும் நீதிபதிகள் கண்டனர். உறுப்பினர்களின் சட்டமன்ற இடங்களும் பறிபோயின. மேற்கு ஜெர்மனியில் தடைபெற்ற முதற் கட்சி இதுவே.

வரலாற்று நூல்கள் தடையையே பெரிதாகப் பேசும். என் கருத்தில் பிரவுன்ஷ்வைக் வழக்கே பெரிது. தடை, கட்சியின் அலுவலகங்களை மூடிற்று. வழக்கோ, அக்கட்சிக்கு வாக்களிக்காத நல்லோர் பலரின் நெஞ்சிலும் கிடந்த ஐயத்தைத் தொட்டது. ஆணையை மீறியவர்கள் துரோகிகளோ என்று அவர்களும் உள்ளூர எண்ணியிருந்தனர்.

பவர் பின்னர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் அதிகாரிகளை 1963இல் பிராங்க்பர்ட் நீதிமன்றத்தில் நிறுத்தினார். ரேமரோ மாறவில்லை. யூதப் படுகொலையை மறுத்து எழுதியமைக்காக 1992இல் மீண்டும் தண்டிக்கப்பட்டு, ஸ்பெயினுக்குத் தப்பியோடி, 1997இல் அங்கேயே இறந்தார்.