தளேகாவ் தபாடே: பீரங்கியை விழுங்கிய குளமும் ஒரு சேனாபதி குடும்பமும்

புணேயிலிருந்து லோனாவளா செல்லும் உள்ளூர் ரயிலில் தளேகாவில் இறங்குவோர் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரும் கல்லூரி மாணவருமே. சுற்றுலாப் பயணிகள் கார்லா குகைகளையும் லோஹகட் கோட்டையையும் எண்ணிக்கொண்டு இவ்வூரை ரயிலிலேயே கடந்துவிடுவர். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு மராத்திய அரசின் உட்பூசலையும், ஆங்கிலக் கம்பெனி அடைந்த பெருந்தோல்விகளுள் ஒன்றையும், சுதேசி இயக்கத்தின் ஒரு தொழில் முயற்சியையும் ஒரே பகலில் பார்த்து முடிக்கக்கூடிய ஊர் இதுபோல் வேறொன்று மாவள் பகுதியில் இல்லை.

மராத்தியில் 'தளே' என்றால் குளம், 'காவ்' என்றால் ஊர். குளத்தூர் என்று தமிழில் எத்தனை ஊர்கள் உண்டோ, மகாராஷ்டிரத்தில் தளேகாவ்களும் ஏறத்தாழ அத்தனை. இந்தத் தளேகாவை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவது பின்னொட்டான 'தபாடே' என்னும் குடும்பப் பெயர்.

தபாடே குடும்பத்துக்குத் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1689-இல் முகலாயரிடமிருந்து தப்பிய சத்ரபதி ராஜாராம் செஞ்சிக் கோட்டையை அடைந்தபோது உடன் வந்தவர்களில் தங்கள் முன்னோரும் இருந்தனர் என்பது அக்குடும்ப மரபு. 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராத்தியர் படைத் தளங்கள் பன்னிரண்டில் செஞ்சியும் உண்டு, இதே மாவள் வட்டத்து லோஹகட்டும் உண்டு. பட்டியலில் தமிழ்நாட்டுக் கோட்டை எப்படி இடம்பெற்றது என்று வியந்தவர்களுக்கு இக்குடும்பத்தின் கதை ஒரு விடை.

1717-இல் கண்டேராவ் தபாடேவைச் சத்ரபதி ஷாஹு சேனாபதியாக்கினார். குஜராத்தில் சௌத் வரி திரட்டும் உரிமை இக்குடும்பத்தின் கையில் இருந்தது. பிணக்கின் வேரும் அதுவே. 1729-இல் கண்டேராவ் இறந்து மகன் திரிம்பக்ராவ் பொறுப்பேற்றபோது, பேஷ்வா முதலாம் பாஜிராவ் குஜராத் வருவாயில் பங்கு கேட்டார். 1731 ஏப்ரல் 1 அன்று தபோய் அருகே இரு படைகளும் மோதின. திரிம்பக்ராவ் களத்தில் இறந்தார். மராத்திய அரசின் பிரதம அமைச்சரின் படை அதே அரசின் தலைமைத் தளபதியைக் கொன்றது என்பதே இதன் பொருள். பாடநூல்கள் பாஜிராவின் வடநாட்டு வெற்றிகளை விரித்துரைக்கும் அளவுக்கு இதை விரித்துரைப்பதில்லை.

காலையில் முதலில் காணவேண்டியது பாணேஷ்வர் கோயில். தபாடே குடும்பத்தின் சமாதிகள் அங்கேதான் உள்ளன. கண்டேராவின் மனைவி உமாபாயின் சமாதியும் அவற்றுள் ஒன்று. மகனை இழந்த அவரைச் சமாதானப்படுத்த ஷாஹு தளேகாவுக்கே நேரில் வந்தார். பாஜிராவை அவர் காலடியில் வணங்கச் செய்து, கையில் வாளைக் கொடுத்துப் பழிதீர்த்துக்கொள்ளுமாறு மன்னர் சொன்னதாகவும், அவர் மன்னித்துவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை அழகானதுதான், ஆனால் அதன்பின் இருபது ஆண்டுகள் நீடித்த பகையோடு அது பொருந்தவில்லை.

உமாபாயை 'மராத்தியரின் ஒரே பெண் சேனாபதி' என்று குறிப்பது இன்று வழக்கம். ஷாஹு சேனாபதிப் பட்டத்தை அளித்தது அவருடைய இன்னொரு மகன் யஷ்வந்த்ராவுக்கு. அதிகாரம் செலுத்தியவர் உமாபாய். 1732-இல் தபாடேக்களின் குஜராத் படைத்தலைவர் பிலாஜி கெய்க்வாட் வஞ்சனையாகக் கொல்லப்பட்டதும் அகமதாபாத் மீது படை நடத்திச் சென்றவர் அவரே. பட்டம் மகனுக்கு, பணி தாய்க்கு என்ற ஏற்பாடு தமிழருக்குப் புதிதன்று. மதுரையில் 1689 முதல் பேரன் பெயரில் ஆண்ட மங்கம்மாளும் அப்படித்தான். பட்டத்தை அவர் பெயருக்கு மாற்றி எழுதுவது பெருமை சேர்ப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது, பட்டமே இல்லாமல் ஒரு பெண் படையையும் வரியையும் நடத்தினார் என்ற இன்னும் வலுவான செய்தியை மறைத்துவிடுகிறது.

முடிவு கசப்பானது. 1750-இல் ஆளந்தியில் பேஷ்வா பாலாஜி பாஜிராவைச் சந்தித்து, குஜராத் வருவாயில் பாதியைக் கேட்கும் ஏற்பாட்டைக் கைவிடுமாறு உமாபாய் வேண்டினார், பயனில்லை. அடுத்து அவர் தாராபாயின் பக்கம் சேர்ந்தார். பிலாஜியின் மகன் தாமாஜி கெய்க்வாட் படையுடன் வந்து, சாத்தாரா அருகே தோற்று, 1751-இல் சிறைப்பட்டார். தபாடேக்களும் கைதாயினர். 1752-இல் தாமாஜி குஜராத்தில் பாதியைப் பேஷ்வாவுக்கு ஒப்புக்கொடுத்துத் தனியே உடன்படிக்கை செய்து வெளியேறினார். உமாபாய் 1753-இல் புணேயில் இறந்தார். கெய்க்வாட்கள் பரோடாவின் மகாராஜாக்கள் ஆயினர்; அவர்களுடைய எஜமானர்களுக்கு மிஞ்சியவை இந்த ஊரும் இந்தச் சமாதிகளும்தான். பரோடாவின் அரண்மனையைப் பார்த்துவிட்டு இங்கு வருபவருக்கு இந்த வேறுபாடு உறைக்கும்.

நண்பகலுக்குமேல் 1779-க்கு வரலாம். பேஷ்வா பதவிக்கு உரிமை கோரிய இரகுநாதராவைப் புணேயில் அமர்த்த, பம்பாய் அரசு ஏறத்தாழ 3,900 வீரர்களை அனுப்பியது. பொதிக்கும் வண்டிக்குமாக 19,000-க்கும் மேற்பட்ட எருதுகள் உடன் சென்றன. போர்காட் மலைப்பாதையில் இந்த ஊர்வலம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் நகர்ந்தது. கட்டளையிட ஒரு தளபதி போதாதென்று ஒரு குழுவையே உடன் அனுப்பியிருந்தனர். ஜனவரி 4 அன்று கார்லாவில் கேப்டன் ஸ்டூவர்ட் குண்டு பட்டு இறந்தார். 9-ஆம் தேதி படை தளேகாவை அடைந்தபோது அங்கே தானியமும் இல்லை, தீவனமும் இல்லை, ஊரே எரிக்கப்பட்டிருந்தது. எரித்தவர்கள் மராத்தியரே. தேவைப்பட்டால் புணேயையும் எரிக்க அவர்கள் ஆயத்தமாக இருந்தனர்.

புணே சில மணி நேரக் குதிரைப் பயணத் தொலைவில் இருந்தும் கம்பெனியார் அஞ்சினர். 11-ஆம் தேதி இரவு கனரகப் பீரங்கிகளைப் பெரிய குளமொன்றில் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த பொருள்களைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கினர். இரகசியம் விடியும்வரைகூடத் தாங்கவில்லை. மகாதஜி சிந்தியாவின் படை அவர்களைச் சூழ்ந்தது. பின்னணிப் படையைக் கேப்டன் ஹார்ட்லி தாங்கி நிறுத்தியதால் எஞ்சியோர் மேற்கே வட்காவ் கிராமத்தை எட்டினர். 16-ஆம் தேதி அங்கே உடன்படிக்கை கையெழுத்தானது: 1773-க்குப் பின் கைப்பற்றிய பகுதிகளைத் திருப்பித் தர வேண்டும், இரகுநாதராவைக் கைவிட வேண்டும். வாரன் ஹேஸ்டிங்ஸ் அதை ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டு நானா பட்னவீஸும் ஹைதர் அலியும் கைகோத்தனர். ஹைதர் கர்நாடகப் பாயின்காட்டுக்குள் இறங்கினார். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. வட்காவையும் புள்ளலூரையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் வழக்கம், இரண்டும் இருபதே மாத இடைவெளியில் நிகழ்ந்தவை என்பதைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது.

வட்காவில் வெற்றிக்கும் நினைவுச்சின்னம் உண்டு, தோற்ற தரப்பின் ஸ்டூவர்ட்டுக்கும் உண்டு. அவரது துணிவைக் கண்ட மராத்தியர் 'இஷ்டூர் ஃபாக்டா' என்று பெயரிட்டனர். 'வீரன் ஸ்டூவர்ட்' என்று பொருள். காவல் நிலைய வளாகத்தில் உள்ள அவரது நினைவிடம் உள்ளூராரின் வழிபாட்டுக்கு உரியதாகிவிட்டது. திருநெல்வேலிச் சீமையில், 1809 திருவிதாங்கூர்ப் போரில் காயமுற்று இறந்த போல் என்னும் அதிகாரியின் கல்லறையில் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்ததைக் கால்டுவெல் எழுதியிருக்கிறார். அகாலமாய் வீழ்ந்தவனைத் தெய்வமாக்கும் மனம் பகைவனென்று ஒதுக்குவதில்லை. தம் அரசின் கையாலேயே வீடிழந்த தளேகாவ் குடிகளுக்குத்தான் எங்கும் ஒரு கல் நடப்படவில்லை. அந்த ஜனவரிக் குளிரில் அவர்கள் எங்கே போனார்கள் என்பதை எந்தப் போர் வரலாறும் கேட்கவில்லை.

மாலைக்கு எஞ்சுவது இருபதாம் நூற்றாண்டு. அந்தாஜி தாமோதர் காளே என்னும் பள்ளி ஆசிரியர், ஆளுக்கு ஒரு பைசா திரட்டி உள்நாட்டுத் தொழில் தொடங்கலாம் என்று ஊர் ஊராகச் சென்றார். திலகர் ஆதரித்தார். அப்படித் தொடங்கிய பைசா நிதியின் கண்ணாடித் தொழிற்சாலை 1908-இல் தளேகாவில் உருவானது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கண்ணாடித் தொழில் கற்றுவந்த ஈஸ்வர்தாஸ் வார்ஷ்ணேய் தொழில்நுட்பப் பொறுப்பேற்றார். அந்த ஜூலையில்தான் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி.க்கும், இரு வாரம் கழித்துத் திலகருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. விஷ்ணு கோவிந்த் விஜாபூர்கர் நடத்திய தேசியப் பள்ளியான சமர்த்த வித்யாலயமும் தளேகாவில்தான் இருந்தது. 1910-இல் அரசு அதை மூடியது. கப்பலும் பள்ளியும் நிற்கவில்லை. கண்ணாடி உலை நின்றது. விளக்குச் சிம்னியில் ஆட்சிக்கு அபாயம் தெரியவில்லை போலும்.

தொழில் இன்றும் இங்கு நிற்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் மூடிச் சென்ற கார் ஆலையை வாங்க 2023-இல் ஒப்பந்தம் செய்தது, ஸ்ரீபெரும்புதூரில் வேர்விட்ட ஹூண்டாய். மாலை ரயிலுக்கு நிலையத்தில் காத்திருப்போரில் சீருடை அணிந்தவர்களே மிகுதி. அந்த இருப்புப்பாதை 1858-இல் கண்டாலாவிலிருந்து புணே வரை திறக்கப்பட்டது. எருதுகளோடு வந்த படை தளேகாவில் நின்றுபோய் அப்போது எண்பது ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை.