கல்லும் ஏரியும் எங்கள் கையெழுத்து: செங்கல்பட்டு நிலத்தின் இன்னொரு வரலாறு

செங்கல்பட்டை ரயிலில் கடப்பவர்கள் கொளவாய் ஏரி வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள். விரிந்து கிடக்கும் தண்ணீர், அதற்கு அப்பால் கறுத்த பாறைக் குன்றுகள். செல்போனில் படம் பிடித்து "என்ன அழகு" என்கிறார்கள். அழகுதான், அதில் நமக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த ஏரிக்குக் கரை போட்டது யார், அந்தக் குன்றின் கல்லை உடைத்தது யார், அதன் கீழ் விரியும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் அந்தப் படம் வேறு மாதிரி தெரியும். நிலத்தை ரசிப்பதும் நிலத்தின் வரலாற்றைக் கேட்பதும் நமக்கு ஒரே வேலை.

முதலில் கல்லைப் பார்ப்போம். பறங்கிமலை, பல்லாவரம் தொடங்கித் தெற்கே நம் குன்றுகள் பலவற்றிலும் காணப்படுவது சார்னோக்கைட் என்ற பாறை. கல்லுடைக்கும் நம் ஆட்கள் அதைக் 'கருங்கல்' என்றுதான் சொல்வார்கள். புதிதாக உடைத்த முகம் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மினுங்கும். இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போனபிறகு வெளியே தலைகாட்டி நிற்கிறது.

இந்தப் பாறைக்குப் பெயர் வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளான ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருந்த கல்லும் பல்லாவரம் பகுதிக் கல்லும் ஒரே வகை என்று புவியியலாளர் தாமஸ் ஹாலந்து கண்டார். 1893இல் அந்தக் கம்பெனிக்காரரின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். பறங்கிமலைப் பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். கல்லறையில் படுத்தவர் பெயர் உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அந்தக் கல்லை வெட்டி எடுத்தவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் அவருக்குக் கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கத்தில் பின்னர் அகழாய்வு செய்த சாந்தி பப்புவின் குழு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என 2011இல் அறிவித்தது. நம் மனித இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இங்கே கைகள் கல்லைச் செதுக்கியிருக்கின்றன. சில நூறு ஆண்டுப் பெருமையை வைத்துக்கொண்டு 'ஆண்ட பரம்பரை' என்று சுவரில் எழுதுகிறவர்கள், ஒருமுறை இந்த ஆற்றுப் படுகைக்குப் போய் வரலாம். அங்கே சாதிச் சான்றிதழோடு கிடக்கும் கல் ஒன்றுகூட இல்லை.

அடுத்து ஏரி. கடும்பாறைக்கு மேல் மெல்லிய மண் போர்வை மட்டுமே இருக்கும் நிலத்தில், பெய்த மழை ஆழமாக இறங்காது. சரிவில் வழிந்து ஓடிவிடும். பாலாற்றிலும் ஆண்டு முழுக்கத் தண்ணீர் இருக்காது. அதனால்தான் சரிவுக்குக் குறுக்கே மண்கரை கட்டி, மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரி நிரம்பும்படி சங்கிலியாக ஏரிகள் அமைத்தார்கள். நிலவியலுக்கு மனிதர் சொன்ன பதில் அது.

பதிலைச் சொன்னது அரசனின் கல்வெட்டு மட்டும் அல்ல. கூடை சுமந்து கரையை உயர்த்தியதும், மழைக்காலத்தில் இரவெல்லாம் கரையில் காவல் கிடந்ததும், மதகைத் திறந்து கடைமடை வரை தண்ணீர் பாய்ச்சியதும் யார்? நீர்க்கட்டி, கம்புகட்டி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறினாலும், அந்த வேலை பெரும்பாலும் சேரி ஆட்களுடையது. எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். ஆனால் அந்த வயல்களில் ஒன்றுகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. ஊர் நத்தம் மேட்டில் இருக்கும், சேரி பல இடங்களில் பள்ளத்தில் இருக்கும். ஏரி உடைந்தால் முதலில் யார் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் என்பதை அளவைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நிலத்தைப் பற்றிய நம் அறிவை ஊரும் ஒப்புக்கொண்டிருந்தது. ஊர் எல்லையில் தகராறு வந்தால், பறையர் ஒருவரைத் தலையில் தண்ணீர்க் குடத்துடன் நடக்கவிட்டு, அவர் நடந்த வழியையே எல்லையாக ஏற்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லை தெரிந்தவர் நாம்தான். எல்லைக்கு உள்ளே இருந்த நிலம்தான் நம்முடையதாக இல்லை.

காரணம் மிராசு முறை. செங்கல்பட்டு மாவட்டத்தில் தரிசு நிலத்தைக் கேட்டு தர்க்காஸ்து மனு போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரிக்காரர் குடிசை போட்ட மனையும் மிராசுதாரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் இதையெல்லாம் எழுதி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. அதன் வழியே சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம், மீறி விற்றால் செல்லாது என்பது நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் நின்றது, நிலம் கைமாறியது. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கல்பட்டு மக்கள் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க உலகமே வருகிறது. அந்தச் சிற்பங்களைத் தாங்கும் அதே மண்ணில் இந்த ரத்தமும் கலந்திருக்கிறது. வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்று குன்றுகளே காணாமல் போகின்றன. 250 கோடி ஆண்டு நின்ற பாறை, வெடிவைத்து ஜல்லியாகி, லாரியில் ஏறிச் சென்னையின் மேம்பாலமாகிறது. தூசியைச் சுவாசிப்பவர்களில் தலித்துகளும் இருளர்களும் அதிகம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கல் உடைத்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் உண்டு. தோண்டிய பிறகு மிஞ்சும் பள்ளத்தில் மழைநீர் தேங்கிப் பச்சையாக மின்னும். அதையும் சிலர் அழகென்று படம் பிடிக்கிறார்கள்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊரை நடந்து பாருங்கள். எந்தக் குன்று என்ன கல், எந்த ஓடை எந்த ஏரிக்குப் போகிறது, பழைய கல்வட்டம் எங்கே இருக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அப்படியே வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு உங்கள் ஊர் 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் கேளுங்கள். எந்தப் புல எண் பஞ்சமி நிலம் என்று அதில் தேடுங்கள். புலத்தின் மூலையில் நட்டிருக்கும் அளவைக்கல்லையும் போய்த் தொட்டுப் பாருங்கள். நம் குன்றில், நம் ஆட்கள் வெட்டிய கல் அது. அது யாருடைய நிலத்துக்கு எல்லை என்பதை இனியாவது நாம் கேட்டாக வேண்டும்.