மெஸ்கீட் என்கிற நம்மூர் சீமைக்கருவை

அமெரிக்கக் கடைகள்ல 'மெஸ்கீட் சிப்ஸ்'னு ஒரு பை விக்கிறாங்க. திங்கிற சிப்ஸ் இல்லீங்க, மரச் சிராய். கேஸ் கிரில்ல கோழி சுடுறவங்க, விறகடுப்பு வாசம் வேணும்னு காசு கொடுத்து வாங்கிட்டுப் போற சமாச்சாரம். இந்த மெஸ்கீட் யாருன்னு பார்த்தா, அறந்தாங்கி, மணமேல்குடி பக்கம் கண்மாய்கள்ல மண்டிக் கிடக்குற நம்ம சீமைக்கருவைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்!

சும்மா பேச்சுக்குச் சொல்லலை. டெக்சாஸ் மெஸ்கீட்டுக்குப் பேரு புரோசோபிஸ் கிளாண்டுலோசா, நம்மளுது புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. 2022-ல் ஆய்வாளர்கள் இந்தப் பேரினத்தைப் பாகம் பிரிச்சப்பவும் ரெண்டையும் 'நெல்டுமா'ங்கிற ஒரே வீட்டுலதான் குடிவெச்சாங்க. (கோயில்ல தலவிருட்சமா நிக்கிற வன்னி மட்டும் பழைய புரோசோபிஸ் வீட்டுலயே தங்கிடுச்சு.)

இந்த மரம் காமராஜர் காலத்துல வந்துச்சுன்னு ஒரு கதை வாட்ஸப்ல இன்னும் சுத்துது. சுதந்திரத்துக்கு அப்புறம் விறகுக்காக இதைப் பரப்பினது உண்மைதான். ஆனா வந்தது அதுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னாடி. மெட்ராஸ் மாகாணத்துல வன அதிகாரியா இருந்த கர்னல் பெட்டோம், 1876-ல் விதை கேட்டு எழுதுறார். 1877-ல் கடப்பா மாவட்டம் கமலாபுரத்துல நட்டாங்க. நோக்கம் அன்னைக்கும் அதேதான்: வறண்ட பூமிக்கு விறகு.

விறகுன்னு பார்த்தா அந்தக் கணக்கு தப்பாப் போகலை. தண்ணி ஊத்த வேண்டாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆடு மாடு நெத்தைத் தின்னுட்டுப் போற வழியெல்லாம் விதைச்சுட்டுப் போகும். நின்னு எரியும், கரியும் கெட்டியா விழும். ஆறு குளம் எல்லாத்தையும் அது வளைச்சதும், 2017-ல் கோர்ட்டு உத்தரவால ஜேசிபி வெச்சுப் பிடுங்கினதும் தனிக் கதை. ஆனா வானம் பார்த்த புதுக்கோட்டைச் சீமையில பல தலைமுறை சோறு இந்த முள்ளு விறகுலதான் வெந்துச்சு. மெக்சிகோக்காரன் சுட்ட இறைச்சியில என்ன வாசமோ, அதோட பங்காளி வாசம் நம்ம கருவாட்டுக் குழம்புல. யாரும் திட்டம் போட்டுச் சேர்த்தது இல்லை.

அப்புறம் கேஸ் வந்துச்சு. 2007-ல் தமிழ்நாட்டுல இலவச கேஸ் அடுப்புத் திட்டம், 2016-ல் மத்திய அரசோட உஜ்வலா. கூடவே ஒரு புலம்பலும் வந்துச்சு: 'விறகடுப்பு ருசி போச்சே!' கவனிச்சுப் பாருங்க, புலம்புறது பெரும்பாலும் திண்ணையில உக்காந்து சாப்பிட்ட ஆம்பளைங்க. ஊதாங்குழல் ஊதி ஊதிக் கண்ணு எரிஞ்சவங்க ரொம்பப் புலம்பி நான் கேட்டதில்லை. வீட்டு அடுப்புப் புகையால 2020-ல் மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்திருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. அந்த ருசிக்கான பில்லை யாரோ கட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க.

சரி, ருசி ஏன் போச்சு? மரத்துல லிக்னின்னு ஒரு பொருள் இருக்கு. சூட்டுல அது உடைஞ்சு குவையகால், சிரிங்கால்னு ஆவியாகும். 'புகை வாசம்'னு நாம சொல்றதுல பெரும்பங்கு இதுங்கதான். கேஸ்ல லிக்னினும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஒழுங்கா எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும்தான் மிச்சம். கிரில்ல சுடும்போது வர்ற கொஞ்ச வாசமும் கொழுப்பு சொட்டிக் கருகுறதால வர்றது.

அதனால புகையைத் தனியாச் சேர்க்கணும். கிரில் இருந்தா, காஞ்ச சிராயை அலுமினியத் தாள்ல பொட்டலமா மடிச்சு, நாலு ஓட்டை போட்டு, பர்னர் மேல வெச்சு மூடிடணும். ஊற வைக்கணும்னு சொல்லுவாங்க. அது வீண் வேலை. தண்ணி வத்துற வரைக்கும் வர்றது வெறும் நீராவி. சிராய் கொழுந்துவிட்டு எரியவும் கூடாது, கனியணும். மெஸ்கீட் புகை காரசாரமானது, அளவு மீறினா கசக்கும்.

கிரில் இல்லாதவங்களுக்கு வடக்க 'துங்கார்'னு ஒரு பழைய வழி இருக்கு. கேஸ் அடுப்புலயே சிரட்டைக் கரியைக் கங்காக்கி, சின்னக் கிண்ணத்துல போட்டு, அந்தக் கிண்ணத்தைக் குழம்புச் சட்டிக்குள்ள வெச்சு, கங்கு மேல அரை ஸ்பூன் நெய் விட்டு உடனே மூடி போட்டுடணும். அஞ்சு நிமிஷம் போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும். அந்த அஞ்சு நிமிஷப் புகையை யாரும் குனிஞ்சு ஊத வேண்டியதில்லைங்கிறதுதான் இதுல எனக்குப் பிடிச்ச விஷயம்.

டிஸ்கி: நம்ம மாவட்டத்துல எங்க பார்த்தாலும் தைலமரக் காடு இருக்கேன்னு அந்தச் சிராயைப் போட்டுடாதீங்க மக்கா. கோழி அமிர்தாஞ்சன் வாசம் அடிக்கும் :-)